மூன்றாவது குழந்தைக்குப் பணமா, முதல் குழந்தைக்குக் காப்பகமா?

2025 மார்ச்சில் ஆந்திராவின் விஜயநகரம் எம்.பி. ஓர் அறிவிப்பு செய்தார். மூன்றாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 50,000 ரூபாய், ஆணாகப் பிறந்தால் ஒரு பசு மாடு. பணம் தன் சம்பளத்திலிருந்தே வரும் என்றும் சொன்னார். இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய சட்டப் பிரிவை அந்த மாநிலச் சட்டமன்றம் அதற்கு நாலு மாதம் முன்புதான் நீக்கியிருந்தது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினும், மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, புதுமணத் தம்பதிகள் தள்ளிப்போடாமல் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கல்யாண மேடைகளில் பேசினார்.

பசு மாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போகலாம். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் வேண்டும். 2023-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கருவள விகிதம், அதாவது இந்தச் சராசரி, 1.9. தமிழ்நாட்டுடையது 1.3. அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் மாநில மக்களில் 13.6 சதவீதம்; 2031-ல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஐரோப்பா நூறு ஆண்டுகளில், பணக்காரர் ஆன பிறகு அடைந்த முதுமையை நாம் நடுத்தர வருமானத்திலேயே அடையப்போகிறோம்.

ஆகவே பேச்சை விட்டுவிட்டுச் செலவுக்கு வருவோம். ஒரு மாநில அரசு இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்க நினைத்தால் எதில் போடலாம்? உலகம் இந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டது. ரொக்கம், வரிச்சலுகை, வீட்டுக்கடன், விடுப்பு, குழந்தைகள் காப்பகம், இலவச ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு), ருமேனியாவில் கட்டாயம்கூட.

இவற்றை ஒப்பிட வழக்கமாக ஒரே கேள்விதான் கேட்பார்கள்: பிறப்பு கூடியதா? நான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். ஒரு பிறப்புகூடக் கூடாமல் போனாலும் அந்தக் காசு யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்டிருக்குமா? இதைக் கேட்கக் காரணம் உண்டு. 1.5-க்குக் கீழே இறங்கிய பணக்கார நாடுகளில் ஒன்றுகூடச் சலுகைகளை மட்டும் வைத்து 2.1-க்கு ஏறி அங்கேயே நின்றதில்லை. தோற்க வாய்ப்பு அதிகமுள்ள காரியத்தில் இறங்கும்போது, தோற்றாலும் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் ரொக்கம். அறிவிக்கச் சுலபம், கொடுக்கச் சுலபம், போஸ்டர் அடிக்கவும் சுலபம். பணம் வேலையே செய்யாது என்று சொல்ல முடியாது. செய்யும், ஆனால் நாம் நினைத்த வேலையை அல்ல. ஆஸ்திரேலியா 2004-ல், ஜூலை 1 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,000 டாலர் தருவதாக அறிவித்தது. 'அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று' என்று நிதியமைச்சர் பீட்டர் கோஸ்டெல்லோ பேசியது அந்தக் காலத்தில்தான். ஜூன் கடைசி நாட்களில் பிரசவங்கள் சட்டென்று குறைந்தன. ஜூலை 1 அன்று எகிறின. சிசேரியன் தேதியையும் வலி வரவைக்கும் ஊசியையும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் இப்படி நகர்த்தப்பட்டதாகப் பொருளாதார அறிஞர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். நல்ல நேரம் குறித்துக்கொண்டு சிசேரியனுக்குப் போகிற நம் ஊருக்கு இது புரியாத விஷயமல்ல. பணத்தால் பிறந்த தேதி மாறும். பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாறுமா என்பது தனிக் கேள்வி.

போலந்து இதற்கு நல்ல பரிசோதனை. 2016-ல் இரண்டாவது குழந்தையிலிருந்து மாதம் 500 ஸ்லோட்டி, 2019-ல் முதல் குழந்தைக்கும், 2024-ல் அது 800 ஆனது. கருவள விகிதம் 2015-ல் 1.29. இரண்டு ஆண்டில் 1.45 வரை ஏறியது. அப்புறம் இறங்கத் தொடங்கியது நிற்கவே இல்லை, 2024-ல் 1.1 அளவுக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொள்ள நினைத்தவர்கள் கொஞ்சம் முன்கூட்டிப் பெற்றுக்கொண்டதுதான் அந்த இரண்டு ஆண்டு ஏற்றத்தில் பெரும்பங்கு என்று தோன்றுகிறது. ஆனால் குழந்தைகளின் வறுமை குறைந்தது. என் இரண்டாவது கேள்விக்குப் போலந்தின் மாதாந்திரத் தொகை பாஸ். ஆஸ்திரேலியாவின் ஒரே தவணைத் தொகை பெயில்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். எழுபதுகளில் இரண்டோடு நிறுத்துங்கள் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிய அரசு அது. பிறப்பு விழுவதைப் பார்த்து, 1987-ல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று அப்படியே திரும்பியது. 2001-ல் பேபி போனஸ் வந்தது. இன்று முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 11,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்றாவதிலிருந்து 13,000 வெள்ளி ரொக்கம். சேமிப்புக் கணக்கில் அரசு போடும் பணம் தனி. 2023-லும் 2024-லும் அங்கே கருவள விகிதம் 0.97. இவ்வளவு ஒழுங்கான நிர்வாகமும் இவ்வளவு காசும் உள்ள நாட்டில் ரொக்கம் வேலை செய்யவில்லை என்றால், கடன் வாங்கி பட்ஜெட் போடும் மாநிலத்தில் அது செய்யும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

ரொக்கம் ஏன் தோற்கிறது என்பதைத் தென்கொரியாவில் பார்க்கலாம். அங்கே குழந்தை பிறந்ததும் 20 லட்சம் வோன் வவுச்சர், இரண்டாவது என்றால் 30 லட்சம். முதல் ஆண்டு மாதம் 10 லட்சம் வோன், அடுத்த ஆண்டு மாதம் 5 லட்சம். இதை வாங்கும் பெற்றோருக்குத் தெரியும், பணம் தேவைப்படுவது பிள்ளை தவழும்போது அல்ல, பள்ளிக்குப் போகும்போது என்று. 2024-ல் கொரியக் குடும்பங்கள் தனிப்பயிற்சிக்கு மட்டும் செலவழித்தது 29 லட்சம் கோடி வோன். பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேர் டியூஷன் போகிறார்கள். 2023-ல் நாட்டின் கருவள விகிதம் 0.72, தலைநகர் சியோலில் 0.55. எல்.கே.ஜி. பீஸ் கட்ட நகையை அடகு வைக்கிற குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஒண்ணே போதும், நல்லா படிக்க வைப்போம்' என்ற முடிவை 50,000 ரூபாய் மாற்றாது.

2024-ல் கொரிய எண் 0.75 ஆக ஏறியபோது பலர் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு கல்யாணங்கள் ஏறத்தாழ 15 சதவீதம் கூடியிருந்தன. கொரோனா காலத்தில் தள்ளிப்போன கல்யாணங்களுக்கு அதில் பங்கு உண்டு. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெறும் வழக்கம் மிகக் குறைவான சமூகத்தில் கல்யாணம் கூடினால் பிறப்பு கூடும். நமக்கும் இது பொருந்தும்.

அடுத்தது வரியும் வீட்டுக்கடனும். இதில் ஹங்கேரியை விஞ்ச யாருமில்லை. 2019-ல் வந்த குழந்தைக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியபோது, மனைவிக்கு 40 வயதுக்குள் இருந்தால் தம்பதிக்கு ஒரு கோடி ஃபோரிண்ட் வரை கடன். ஒரு குழந்தை பிறந்தால் வட்டி இல்லை. இரண்டாவது பிறந்தால் மீதிக் கடனில் 30 சதவீதம் தள்ளுபடி. மூன்றாவது பிறந்தால் கடனே இல்லை. ஐந்து ஆண்டுக்குள் குழந்தையே பிறக்காவிட்டால்? அதுவரை விட்டுக்கொடுத்த வட்டியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நாலு பிள்ளை பெற்ற தாய்க்கு 2020 முதல் ஆயுள் முழுவதும் வருமான வரி கிடையாது.

படிக்கும்போது ஆசையாக இருக்கும். கொஞ்சம் நின்று யோசித்தால் கசக்கும். கருப்பை ஈடு வைத்து வாங்கும் கடன் அது. குழந்தை தங்காத தம்பதிக்கு மருத்துவமனைச் செலவோடு வட்டிக் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. அடுத்து, வருமான வரி விலக்கு நல்ல சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் பெரிது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? வீட்டு மானியத்தால் வீடு விற்பவர்களும் பயனடைந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு விலை மிக வேகமாக ஏறிய நாடுகளில் ஹங்கேரி ஒன்று. 2011-ல் 1.23 ஆக இருந்த கருவள விகிதம் 2021-ல் 1.6 வரை போனது உண்மை. அப்போது உலகமே ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டைப் பார்த்தது. 2022-23-ல் விலைவாசி கட்டுமீறி ஏறியது; 2024-ல் எண் 1.4-க்குக் கீழே வந்துவிட்டது. இந்தியாவில் வருமான வரி மாநிலத்தின் கையிலும் இல்லை, வரி கட்டுபவர்களும் மிகச் சிலர். ஆகவே இந்த வழி நமக்குப் பேச்சளவில்கூடப் பயனில்லை.

விடுப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான், ஏனென்றால் நல்ல நோக்கத்தில் போட்ட சட்டம் ஒன்று இங்கே எதிர்வேலை செய்கிறது.

ஸ்வீடன் 1974-லேயே தாய்க்கு மட்டும் என்றிருந்த விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் தந்தைக்கு 90, தாய்க்கு 90 என்று மாற்றிக்கொள்ள முடியாதபடி ஒதுக்கீடு. 2024 ஜூலையிலிருந்து சில நாட்களைத் தாத்தா பாட்டிக்குக்கூட மாற்றிக் கொடுக்கலாம். நாட்களின் எண்ணிக்கையை விட முக்கியமான விஷயம், அந்த நாட்களுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது. எல்லா முதலாளிகளும் எல்லா ஊழியர்களுக்காகவும் கட்டும் சமூகக் காப்பீட்டிலிருந்து வருகிறது. உங்கள் கம்பெனியில் பத்துப் பெண்கள் இருந்தாலும் ஒருவரும் இல்லாவிட்டாலும் கட்டும் விகிதம் ஒன்றுதான்.

இந்தியாவில் 2017-ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். மூன்றாவது குழந்தைக்கு 12 வாரம். அந்த 26 வாரச் சம்பளத்தை யார் கொடுப்பது? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள வரம்புக்குள் வருபவர்களுக்கு இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு முதலாளியே கொடுக்க வேண்டும். அப்படியென்றால் கல்யாணமான இருபத்தெட்டு வயதுப் பெண்ணை வேலைக்கு எடுப்பது ஒரு சின்னக் கம்பெனிக்குச் செலவு. இன்டர்வியூவில் 'எப்போ கல்யாணம்? குழந்தை பிளான் இருக்கா?' என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? தனியார் துறையில் தந்தைக்கு விடுப்புச் சட்டமே இல்லை என்பதால் செலவு முழுவதும் பெண் மீதே எழுதப்படுகிறது. இந்தச் சட்டம் பிள்ளை பெறும் பெண்ணைக் காப்பாற்றப் போய், பெறக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பெண்ணைத் தண்டிக்கிறது.

தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு தருகிறது. சிக்கிமும் ஓராண்டு தருகிறது. கூடவே இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்குச் சம்பள உயர்வும் உண்டு. நல்லதுதான். ஆனால் அரசு ஊழியராக இருக்கும் தாய்மார் எத்தனை பேர்? திருப்பூர் பின்னலாடைக் கம்பெனியிலும் ஸ்ரீபெரும்புதூர் அசெம்பிளி லைனிலும் நிற்கும் பெண்ணை இது தொடுவதே இல்லை.

இப்போது காப்பகம். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று தலைப்பிலேயே தெரிந்திருக்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் இந்த ஒப்பீட்டுக்காகவே செய்து வைத்தது போல ஒரு வரலாறு கொண்டது. 1988-லிருந்து பிள்ளை பெற்றால் ரொக்கம் கொடுத்தார்கள். மூன்றாவது குழந்தைக்கு 8,000 டாலர் வரை போனது. 1997-ல் அதை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைகள் காப்பகங்களைத் திறந்தார்கள். ஒரே அரசு, ஒரே மக்கள், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கொள்கைகள். ரொக்கம் பிறப்பைக் கொஞ்சம் கூட்டியதாக ஆய்வுகள் உண்டு. காப்பகம் வந்த பிறகு சிறு குழந்தைகளின் தாய்மார் வேலைக்குப் போவது பெருமளவு கூடியது. கருவள விகிதம் சில ஆண்டு ஏறி, இப்போது அங்கேயும் இறங்கிவிட்டது. ஆனால் காப்பகங்கள் மூடப்படவில்லை. அவசரமாகத் திறந்ததால் பல இடங்களில் தரம் குறைந்து, பிள்ளைகளின் நடத்தையிலும் உடல்நலத்திலும் பாதிப்பு தெரிந்ததாகப் பொருளாதார ஆய்வு ஒன்று சொன்னது. இதை மறைத்து நான் காப்பகத்துக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. ஓர் ஆயா பதினைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் காப்பகமல்ல, அடைப்பு.

ஜப்பானில் ஒகயாமா மாவட்டத்தில் நாகி என்று ஒரு சிற்றூர். ஆறாயிரம் பேர்கூட முழுதாக இல்லை. 2002-ல் பக்கத்து ஊர்களோடு இணைப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது வேண்டாம் என்றார்கள். தனியாக நிற்பதென்றால் இளம் குடும்பங்கள் வேண்டும். ஊராட்சிச் செலவைக் குறைத்து அந்தக் காசைக் குழந்தைகள் பக்கம் திருப்பினார்கள். மேல்நிலைப் பள்ளி முடியும் வரை மருத்துவம் இலவசம். தாய்மாரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொது வீடு. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று துண்டு வேலைகளை இளம் தாய்மாருக்குப் பிரித்துத் தரும் அமைப்பு. 2019-ல் அந்த ஊரின் கருவள விகிதம் 2.95. ஊர் சின்னது, நாலு குழந்தை கூடினாலே எண் குதிக்கும், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் வெளியிலிருந்தும் குடி வருகின்றன. ஆகவே நாடு முழுவதும் இதைச் செய்தால் 2.95 வரும் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. ஜப்பானின் மொத்த எண் 2024-ல் 1.15.

நம் ஊரில் இன்று காப்பகம் என்பது பாட்டிதான். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் தஞ்சாவூரிலிருந்தோ தேனியிலிருந்தோ அம்மா சென்னைக்கு வருகிறார். இரண்டு ஆண்டு அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் பேரனோடு இருக்கிறார். ஊரில் தாத்தா தனியாகச் சோறு பொங்கிக்கொள்கிறார். இரண்டாவது குழந்தை என்ற பேச்சு வரும்போது மருமகனோ மகளோ மட்டும் முடிவு செய்வதில்லை. அம்மாவின் முழங்கால் வலியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டு, பெற்றோரோடு சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கினால் 30,000 வெள்ளி, நாலு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம் தருகிறது. அந்த நாட்டின் சலுகைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பாட்டி இல்லாத வீட்டுக்கு என்ன வழி? தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. இவ்வளவு பரவலான கட்டமைப்பு, கொரியாவும் சிங்கப்பூரும் ஆரம்பித்தபோது அவர்களிடம் இருந்ததில்லை. ஆனால் அங்கன்வாடியின் கணக்கு சத்துணவுக் கணக்கு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மாவுப் பாக்கெட் கிடைக்கும், இடம் கிடைக்காது. இரண்டைத் தாண்டிய குழந்தைக்கு இடம் கிடைக்கும், ஆனால் மாலை நாலு மணி அளவில் கதவு சாத்திவிடும். எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய், ஓவர்டைமும் பார்த்து, ஏழு மணிக்கு வெளியே வரும் பெண்ணுக்கு அந்த இடைப்பட்ட மூன்று மணி நேரம்தான் முழுப் பிரச்சினையும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. எத்தனை கம்பெனிகளில் நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? பக்கத்து கர்நாடகம் 2023-ல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை மனதில் வைத்துக் கிராம ஊராட்சிகளில் நாலாயிரம் காப்பகங்கள் என்று தொடங்கியது. கிராமத்திலேயே முடியும் என்றால் தொழில் நகரத்தில் முடியாதா?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐ.வி.எஃப். உதவி தேவைதான், ஜப்பான் 2022-ல் அதைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. அது குழந்தைக்காக ஏங்குபவர்களுக்கான மருத்துவம், மக்கள்தொகைக் கொள்கை அல்ல. கட்டாயம் பற்றி: ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தார். அடுத்த ஆண்டே கருவள விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது, சில ஆண்டில் மீண்டும் சரிந்தது. திருட்டுத்தனமான கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள், அநாதை இல்லங்கள் நிரம்பின. அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. காப்பகம், விடுப்பு எல்லாம் பிரமாதமாக இருக்கும் ஸ்வீடனே 2024-ல் 1.43-க்கு வந்துவிட்டது. பிரான்ஸ் 2010-ல் 2.0-க்கு மேல் இருந்தது, 2024-ல் 1.62. அப்படியிருக்க இதையெல்லாம் எதற்குச் செய்ய வேண்டும்? சரியான கேள்வி. ஒரு பதில், அந்த 1.4-க்கும் கொரியாவின் 0.7-க்கும் உள்ள தூரம். ஒவ்வொரு தலைமுறையும் மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதும், மூன்றில் இரண்டு பங்கு சுருங்குவதும் ஒன்றல்ல. இன்னொரு பதில், நான் ஆரம்பத்தில் வைத்த இரண்டாவது கேள்வி. ஸ்வீடனில் பிறப்பு குறைந்தும் பெண்கள் வேலையில் இருக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், ஓய்வூதிய நிதி நிற்கிறது. முதியவர்கள் கூடும் மாநிலத்துக்கு அடுத்த இருபது ஆண்டில் தேவை உழைக்கும் கைகள். இன்று பிறக்கும் குழந்தை 2045-க்குப் பிறகுதான் வேலைக்கு வரும். வீட்டில் உட்கார வைக்கப்பட்ட முப்பது வயதுப் பெண் நாளைக்கே வரத் தயார்.

ஆகவே தமிழ்நாட்டுக்கு என் வரிசை இது. மூன்றாவது குழந்தைக்கான ரொக்கத்தைத் தொடவே வேண்டாம். கையில் இருக்கும் முரண்களை முதலில் களையலாம். அதற்குக் காசே வேண்டாம். பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை வாங்கப் பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கையால் ஆபரேஷன் சான்றிதழ் கேட்டுக்கொண்டே, மறுகையால் மைக் பிடித்து நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கூடாது.

அடுத்தது விடுப்புச் சம்பளம். இ.எஸ்.ஐ. வரம்பு மாதச் சம்பளம் 21,000 ரூபாய். மகப்பேறுக்கு மட்டுமாவது இந்த வரம்பை எடுத்துவிட்டு, ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லா ஊழியர் பெயரிலும் ஒரு சிறு தொகை பிடித்தால், ஸ்வீடன் செய்வதில் பாதியை நாம் செய்துவிடலாம். இது டெல்லியின் கையில் இருக்கிறது. நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்று பேசும் அதே குரலில் இதையும் கேட்கலாம்.

மாநிலத்தின் கையில் உள்ள பெரிய செலவு அங்கன்வாடிதான். 54 ஆயிரத்தையும் ஒரே நாளில் மாற்றப் போனால் கியூபெக்கில் நடந்த தரக்குறைவு இங்கே இரட்டிப்பாக நடக்கும். திருப்பூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போகும் இடங்களில் சில நூறு மையங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொண்டு, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். தொட்டில் வேண்டும், தாய்ப்பாலை வைக்கக் குளிர்பெட்டி வேண்டும், நாலு கைக்குழந்தைக்கு ஒரு பணியாளராவது வேண்டும். அந்தப் பணியாளருக்கு மதிப்பூதியம் என்று எதையோ கொடுக்காமல் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும், அதில் கை வைக்கக் கூடாது. மூன்று ஆண்டு கழித்து அந்த ஊர்களில் எத்தனை தாய்மார் வேலைக்குத் திரும்பினார்கள், எத்தனை பாட்டிகள் ஊருக்குத் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போகலாம்.